முகம் தெரிகிற அளவுக்கு

அண்ணன் காணாமல் போன அன்று காலை குளித்து, தலை சீவி, பழைய கம்பெனி யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அந்தக் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அண்ணி மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அவனுடைய ஃபோன் சார்ஜரில் இருந்தது. செருப்பும் வாசலிலேயே இருந்ததால் பக்கத்தில்தான் எங்கேயோ போயிருப்பான் என்று நினைத்து அவள் அரிசி களைந்து உலை வைத்திருக்கிறாள். மத்தியானம்தான் எனக்கு ஃபோன் வந்தது.

பெங்களூரில் ஹெப்பகோடியில் அண்ணன் குடும்பம் கீழ் வீட்டில். நான் அதே கட்டடத்தில் மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. அண்ணனுக்கு மனநிலை சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மாத்திரையில் ஓரளவு தேறியிருந்த சமயம் அது. தேறிவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். அன்று மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோதுதான், விழுங்குவது போலக் காட்டிவிட்டு எல்லாவற்றையும் பஞ்சுக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தது தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்ட கான்ஸ்டபிள் நல்ல மனிதர். "ஃபோட்டோ வாட்ஸ்அப் மாடி" என்று கன்னடத்தில் அனுப்பச் சொன்னார். எங்களிடம் படமே சரியாக இல்லை. கேமரா வழியாக யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தான். யாராவது ஃபோனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடைசியில் ஆம்பூரில் ஒரு காதுகுத்தில் எடுத்த படம் கிடைத்தது. அதில் அவன் நேராகப் பார்த்திருந்தான். பக்கத்தில் அண்ணி, அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

நோட்டீஸ் அடித்து ஹோசூர் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளி வரைக்கும் ஒட்டினோம். சந்தாபுரா பஸ் நிறுத்தத்தில் ஒட்டும்போது, ஏற்கெனவே அங்கே ஒட்டியிருந்த இன்னொரு நோட்டீசைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். கீழே ஒரு ஃபோன் நம்பர், ஒரு வெப்சைட் முகவரி. காணாமல் போனவர்களின் படங்கள் இருக்கும் பக்கம் அது. அங்கேயே நின்று ஃபோனில் திறந்தேன். வெள்ளைத் திரை. ஒரு நெற்றி மட்டும் வந்தது. அப்புறம் புருவம். மூக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது.

என் தொழில் அது என்பதால் காரணம் உடனே புரிந்தது. குடும்பங்கள் அனுப்பிய படங்களை அனுப்பியபடியே, ஒவ்வொன்றும் பல எம்பி கனத்தோடு, அப்படியே ஏற்றியிருந்தார்கள். நல்ல இணைப்பு இருக்கும் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. பஸ் நிறுத்தத்தில், பழைய ஃபோனில் பார்க்கிறவருக்கு அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. அந்த நம்பருக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் குரல், தமிழில், "வாப்பா, சனிக்கிழமை வீட்டுக்கே வா" என்றது.

அவர் காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். ஓய்வுபெற்ற டீச்சர். நோட்டீசில் இருந்த பெரியவர் அவருடைய கணவர். ஞாபக மறதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாலை ஜெபத்துக்கு என்று கிளம்பியவர், இரண்டு தெரு தள்ளியிருந்த சர்ச்சுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அவரைத் தேடி அலைந்தபோது டீச்சருக்கு இதே போலத் தேடி அலையும் மற்றவர்கள் பழக்கமானார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் அந்த வெப்சைட். அதை அவருக்கு யாரோ சொந்தக்காரர் செய்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

முன் அறையில், பியானோ ஒன்றுக்குப் பக்கத்தில், தடிமனான பழைய டெஸ்க்டாப் இருந்தது. நான் உட்கார்ந்து, வழக்கமாகச் செய்வது போல, படங்களைச் சின்னதாக்கித் தரும் ஓர் இலவச வெப்சைட்டைத் திறந்து ஒரு படத்தை அதில் போடப் போனேன். டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படம் இப்ப எங்கப்பா போகுது?"

"இந்த வெப்சைட்டுக்கு, டீச்சர். சின்னதாக்கித் திருப்பிக் குடுத்துடும்."

"அது எங்க இருக்கு?"

"தெரியல. ஏதாவது ஒரு ஊர்ல கம்ப்யூட்டர் இருக்கும்."

"யாரோடது?"

"அதுவும் தெரியல டீச்சர்."

அவர் மௌசின் மேலிருந்த என் கையை மெல்லத் தட்டினார். "வேணாம். இதுல சின்னப் பொண்ணுங்க படம் இருக்கு. கைக்குழந்தை படம் இருக்கு. அவங்கம்மா என்னை நம்பி அனுப்பினது. வேற எதாவது வழி இருந்தா பாரு."

வழி இருந்தது. கணினிக்குள்ளேயே வேலை செய்கிற ஒரு சின்ன மென்பொருளை நிறுவினேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும், அளவைக் குறைத்து, வெப்பி என்கிற கனம் குறைந்த வகைக்கு மாற்றி, இன்னொரு ஃபோல்டரில் வைத்துவிடும். படம் வீட்டை விட்டு வெளியே போகாது என்று சொன்னேன். டீச்சர் நம்பவில்லை. அதனால் கணினியின் பின்பக்கம் குனிந்து இணைய ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினேன். உள்ளே மின்விசிறி இரைந்தது. படங்கள் ஒவ்வொன்றாக மாறி வந்தன. "சரி, நம்பறேன்" என்றார். அதற்கப்புறமும், அந்த வேலையைத் தொடங்குமுன் ஒயரைப் பிடுங்கிவிட்டேனா என்று அவர் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து வாரா வாரம் போனேன். இப்படி ஒரு வேலையை நான் ஆபீசில் நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறேன். சோபா, செருப்பு, அடுக்குமாடி வீட்டின் நீச்சல் குளம். அவற்றை எவ்வளவு சுருக்கினாலும் யாருக்கும் எதுவும் போவதில்லை. இங்கே அப்படி இல்லை. படத்தைக் கொஞ்சம் அதிகமாகச் சுருக்கினால் முதலில் போவது மச்சம். அப்புறம் வெட்டுத் தழும்பு. கன்னமெல்லாம் வழவழவென்று ஆகி, எல்லோரும் ஒரே மாதிரி நல்ல தோலோடு இருப்பார்கள். அடையாளம் என்று கீழே எழுதியிருப்பது படத்தில் இருக்காது. கொஞ்சம் குறைவாகச் சுருக்கினால் பக்கம் திறக்காது. ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக அளவு பார்க்க வேண்டியிருந்தது. முடித்ததும் டீச்சர் தன் ஃபோனைக் கை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். "ஓடற பஸ்லேருந்து கண்டக்டர் பார்த்தாக்கூட இன்னார்னு தெரியணும்" என்பார்.

சில படங்கள் ஐபோனில் எடுத்தவை. அந்த டெஸ்க்டாப்பில் அவை திறக்கவே திறக்காது, மாற்றித்தான் பார்க்க முடியும். சில படங்கள் சுவரில் மாலையில்லாமல் தொங்கும் கண்ணாடிப் படத்தைக் கேமராவில் எடுத்தவை. முகத்தின் மேல் ட்யூப்லைட் விழுந்திருக்கும். பெரும்பாலும் கல்யாணப் படங்கள். கூட நிற்பவர்களை வெட்டி எடுக்க வேண்டும். ஒருநாள், ஃபோனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே அது எடுக்கப்பட்ட இடமும் பதிந்திருக்கும் என்று டீச்சருக்குச் சொல்லி, ஒரு பெண்ணின் படத்திலிருந்து அந்த இடத்தை வரைபடத்தில் காட்டினேன். ஒரு வீட்டுக் கூரை வந்து நின்றது. "ஐயோ, இதையா நான் ஊருக்கெல்லாம் போட்டு வச்சிருந்தேன்" என்று டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தத் தகவலையும் அழித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று மென்பொருளில் அமைத்தேன்.

அண்ணனின் படத்தை ஏற்றிய அன்று அண்ணியும் வந்திருந்தாள். அவன் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டப் போனபோது, கட்டத்துக்குள் அவளுடைய விரல்கள் வந்தன, அவன் தோளின் மேல். கட்டத்தை மேலே நகர்த்தினேன்.

"அது இருக்கட்டும் தம்பி" என்றாள்.

"முகம் பெருசா தெரியணும் அண்ணி."

"இருக்கட்டும். அவரு தனியா இருந்தா பயந்துடுவாரு."

நான் கட்டத்தைப் பழையபடி வைத்தேன். இடது புருவத்துக்கு மேல் இருந்த மச்சம் சுருக்கிய பிறகும் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

பக்கம் இப்போது பஸ் நிறுத்தத்திலும் திறந்தது. ஃபோன்கள் வர ஆரம்பித்தன. மைசூரில் பார்த்தேன், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் குள்ளம். எல்லாவற்றுக்கும் ஓடினோம். மெஜஸ்டிக்கில் மேம்பாலத்தின் கீழ் படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்திருக்கிறோம். போர்வையை விலக்கும்போது சிலர் திட்டுவார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் பார்ப்பார்கள். வீடு திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம்தான் உட்காருவாள். வெளியே இருப்பவர்களின் முகங்களைப் பார்க்காமல் அவளால் வர முடியவில்லை. நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வெப்சைட்டின் மின்னஞ்சலுக்கு ஒரு படம் வந்தது. ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் சுவரோரம் ஓர் ஆள் பச்சைப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தான். முகம் பாதி திரும்பியிருந்தது. 'நீங்கள் தேடுபவரா பாருங்கள்' என்று எழுதி ஒரு நம்பரும் இருந்தது. மறுநாள் டீச்சர் வீட்டில் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த படம். பெரிதாக்கினால் கன்னம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக நிறம் மட்டும் வந்தது. மச்சம் இருந்ததா என்பதைச் சொல்லவே முடியவில்லை. நான் படங்களைச் சுருக்குவது போல இதை விரிக்கவும் முடியும் என்று அண்ணி நினைத்திருப்பாள் போல. "இன்னும் கொஞ்சம் தெளிவு பண்ணுங்க தம்பி" என்றாள்.

"பண்ண முடியாது அண்ணி. ஒருவாட்டி போனது போனதுதான்."

அவள் முகத்தை விட்டுவிட்டுப் போர்வைக்குக் கீழே பார்த்தாள். ஒரு கால் வெளியே நீட்டியிருந்தது.

"அவரு காலு" என்றாள். "பெருவிரல பாருங்க. அவரு காலுதான்."

எனக்கென்னவோ அது யாருடைய காலாகவும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது. டீச்சர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அனுப்பியவருக்கு ஃபோன் செய்தேன். ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர். "படம் நான் எடுக்கல சார், ஃப்ரெண்ட் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தான். அவனும் டெலிட் பண்ணிட்டானாம். போன வாரம்னு சொன்னான்" என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது, குரலில் தெரிந்தது.

ஞாயிறு விடியற்காலையில் சந்தாபுரா போய் அங்கிருந்து ஆனேக்கல் பஸ் பிடித்தோம். அண்ணி ஒரு பையில் அண்ணனுக்கு வேட்டி, சட்டை, செருப்பு எடுத்து வைத்திருந்தாள். படத்தில் இருந்த சுவர் அப்படியே இருந்தது. ஆள் இல்லை. எதிரே டீக்கடைக்காரரிடம் ஃபோனைக் காட்டினேன். அவர் தெலுங்கில் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"ஆமாம்மா, இங்கதான் இருந்தாரு. பேச மாட்டாரு. பன்னு குடுத்தா வாங்கிக்குவாரு. முந்தாநாள் ஹோசூர் பஸ்ல ஏறிப் போய்ட்டாரு."

"ஏன் அவரைப் பிடிச்சு வைக்கல நீங்க?" என்று அண்ணி கேட்டாள். சண்டை போடும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியலயேம்மா" என்றார்.

அன்றே ஹோசூர் போனோம். அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கு அடுத்த ஞாயிறு மழையிலும் போனோம். மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஹோசூர் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம், மூடிய கடை ஒன்றின் படியில் அந்தப் பச்சைப் போர்வையைப் பார்த்தோம். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணி ஓடினாள். பை என் கையில் இருந்தது. நானும் பின்னால் ஓடினேன். முன்னால் போனதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அண்ணனைவிட வயதில் மூத்தவர். நரைத்த தாடி. அண்ணி அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார். நான் இட்லி வாங்கி வந்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையிலேயே வைத்திருந்தாள். பையிலிருந்த செருப்பை எடுத்து அவர் காலுக்குப் போட்டுவிட்டாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது.

ஆதரவற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றுக்கு டீச்சர் சொல்லி, அவர்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். போகும்முன் அவரைப் படம் எடுத்தேன். நேராகப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு அவர் படத்தை வெட்டி, சுருக்கி, மாற்றி, மறுபடி ஒயரைச் செருகி, 'இவரைத் தெரியுமா' என்ற தலைப்பில் அண்ணன் இருக்கும் அதே பக்கத்தில் போட்டேன்.

சித்தூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அக்கா வந்துவிட்டார். யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் ஊர் டீக்கடை வரைக்கும் அந்த வெப்சைட் பக்கம் போயிருக்கிறது. இல்லத்துக்கு நான் மட்டும் போவதாக இருந்தது. "நானும் வர்றேன்" என்றாள் அண்ணி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த அக்கா உள்ளே வந்ததும் தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவர் "அக்கா" என்றார். அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த அக்கா என் கையைப் பிடித்துத் தெலுங்கில் என்னென்னவோ சொன்னார், அண்ணியின் காலைத் தொட வந்தார். அண்ணி பதறி விலகிக்கொண்டாள்.

வெளியே ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம்.

"நம்ம படமும் அதே பக்கத்துலதான இருக்கு தம்பி?"

"ஆமா அண்ணி."

"அதே அளவுதான? அது நல்லா தெறக்குதுதான?"

"அதே அளவுதான். தெறக்குது."

"அப்ப ஏன் தம்பி?"

எங்களுக்கு வர வேண்டிய பஸ் ஒன்று வந்தது. அவள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனோம். அன்றைக்கு அவள் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அதற்கப்புறம் அவள் காக்ஸ் டவுனுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வெப்சைட்டில் இருந்த அவளுடைய நம்பருக்குச் சம்பந்தமில்லாத ஃபோன்களும் வந்துகொண்டிருந்தன. ஒருவன், "உன் வீட்டுக்காரன் என் பக்கத்துலதான் இருக்கான், பேசறியா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்திருக்கிறான். அவள் அதை நம்பி, அதே நம்பருக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததை மகள்தான் எனக்குச் சொன்னாள். நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். பள்ளி விடுமுறை விட்டதும் அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கீழ் வீட்டுக்கு ஓர் ஒடிசா குடும்பம் வந்தது. அண்ணன் ஒருநாள் தானாக அந்த வாசலுக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்று அவர்களிடம் அவன் படத்தைக் காட்டி வைத்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா தலையாட்டினார். என்ன புரிந்தது என்று தெரியவில்லை.

நான் சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. டீச்சரின் கணவரும் இன்னும் கிடைக்கவில்லை. நான் போகாவிட்டால் படங்கள் அப்படியே கனத்தோடு கிடக்கும். வேறு காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது பிணவறைப் படங்களும் வருகின்றன. அடையாளம் தெரியாதவர்களின் படங்களை போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து டீச்சருக்கு அனுப்புகிறார்கள். அவற்றை வெப்சைட்டில் போடுவதில்லை. விவரம் பொருந்தும் குடும்பம் இருந்தால், அவர்களுக்கு மட்டும் காட்ட, முகத்தை மட்டும் வெட்டிச் சின்னதாக்கி வைக்க வேண்டும். டீச்சரால் அவற்றைப் பார்க்க முடியாது. அவர் சமையலறைக்குள் போய்விடுவார். "அவர் இல்லன்னா 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லுப்பா" என்று உள்ளிருந்து கேட்பார். நான் பார்த்துவிட்டு "இல்ல டீச்சர்" என்பேன். அதற்குள் அது அண்ணனும் இல்லை என்று பார்த்திருப்பேன்.

ஆரம்பத்தில், இல்லை என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் லேசாகும். யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை அங்கே படுத்திருக்க, எனக்கு மூச்சு வந்துவிட்டதே என்று கூச்சமாகவும் இருக்கும். போன மாதம் வந்த ஒரு படம் அண்ணனின் வயது, அண்ணனின் உயரம். கோப்பு ஐபோனில் எடுத்தது, திறக்கவில்லை. மாற்றப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மின்விசிறி இரைந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில், அது அவனாக இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அண்ணியிடம் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும், ஆம்பூரிலிருந்து வருவாள், அழுவோம், எல்லாம் ஓர் இடத்துக்கு வந்து நிற்கும். படம் திறந்தது. புருவத்துக்கு மேலே பார்த்தேன். சுத்தமான நெற்றி. உள்ளிருந்து டீச்சர் கேட்டார், "என்னப்பா?" நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோய் ஈரக்கையோடு வெளியே ஓடி வந்தார்.

"இல்ல டீச்சர்," என்றேன். "ரெண்டு பேருமே இல்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டேன். யாராவது ஒரு வீட்டில் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஷூ கம்பெனிக்கு விடுமுறையான ஞாயிறுகளில் அண்ணி ஃபோன் செய்கிறாள். முன்பெல்லாம் யார் கூப்பிட்டார்கள், எங்கே போய்ப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். இப்போது அதெல்லாம் கேட்பதில்லை. மகள் படிப்பு, அங்கே வெயில், தண்ணி வரவில்லை என்று பேசுவாள். வைக்கப் போகும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

"ஏதாச்சும்?" என்பாள்.

"இல்ல அண்ணி."

"சரி தம்பி. வேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.